ஸ்க்ரோல் சாவில் மரவேலை: ஆசாரி வேலை தெரியாதவர் எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: ஸ்க்ரோல் சா வாங்கி வீட்டிலேயே மரவேலை செய்ய ஆசை, ஆனால் உளி பிடித்துப் பழக்கமில்லை, குடியிருப்பது பக்கத்துச் சுவர் ஒட்டிய வீடு. எப்படித் தொடங்குவது, என்னென்ன செய்யலாம்?

தாராளமாகச் செய்யலாம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இருக்கிறேன். பகலில் ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டுச் சாய்ப்பில் இந்த மெஷினோடு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் குடும்பத்தில் யாரும் மரவேலை செய்தவர்கள் கிடையாது. என் அனுபவத்தில் சொல்கிறேன்: மெஷினைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதும், பிளேடையும் மரத்தையும் புரிந்துகொள்ளத்தான் மாதக்கணக்கில் ஆகும். உங்கள் பொறுமையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி. தையல் மெஷினில் ஊசி மேலும் கீழும் போவதுபோல, இதில் ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். பல மெஷின்களில் வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை கூட்டிக் குறைக்கலாம். வீட்டு உபயோக மெஷின்களின் மோட்டார் பெரும்பாலும் 90 முதல் 125 வாட் வரைதான் இருக்கும், சமையலறை மிக்ஸியைவிட மிகக் குறைவு. சத்தமும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு கொடுப்பது சத்தத்தைவிட அதிர்வுதான். நான் மேசைக்கால்களுக்கு அடியில் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை மடித்து வைத்தேன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! நன்றாகக் குறைந்தது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: பின் இல்லாத பிளேடு மாட்ட முடியுமா? சில மலிவான மெஷின்களில் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி (அதுதான் பின்) வைத்த பிளேடு மட்டும்தான் சேரும். அது நுழைய 5 மில்லிமீட்டருக்குக் குறையாத துளை வேண்டும், அப்புறம் நுணுக்கமான உள்வெட்டு எதுவும் செய்ய முடியாது. நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட மெஷின்தான். விற்றவர் 'எல்லாம் சேரும்' என்றார், சேரவில்லை. ஒரு வருஷம் தட்டையான விலங்குப் பொம்மைகள் மட்டும் அறுத்துக்கொண்டிருந்தேன். பின் இல்லாத பிளேடாக இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும்.

பிளேடுக்கு எண் உண்டு. எண் கூடினால் பிளேடு தடிமன், பல்லும் பெரிசு. 6 மி.மீ. பலகைக்கு 3 அல்லது 5, ஒரு அங்குல மரத்துக்கு 7 அல்லது 9 என்று தொடங்கலாம். கீழ்ப்பக்கம் சில பற்கள் தலைகீழாக இருக்கும் ரிவர்ஸ் பல் பிளேடு வாங்கினால், அறுத்த இடத்தின் அடியில் நார் பிய்ந்து நிற்காது. மாட்டியபின் விரலால் சுண்டிப் பாருங்கள். 'டிங்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். 'தப்' என்று கேட்டால் இழுப்பு போதாது, வளைவில் பிளேடு வயிறு தள்ளும், வெட்டும் சரிந்துவிடும்.

இன்னொன்று, புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் 'கோடு கோணிப்போகிறது, கை சரியில்லை' என்று நினைப்பது. கை சரியாகத்தான் இருக்கும். பிளேடைத் தயாரிக்கும்போது ஒரு பக்கத்தில் மிகச் சின்னப் பிசிறு நின்றுவிடும், அந்தப் பக்கம் கூர்மை அதிகம், அதனால் பிளேடு அந்தப் பக்கமாக இழுக்கும். பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால் கோட்டில் நிற்கும். ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிக்கொள்ளும். வளைவுக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தில் தரை நிற்கும், கை சுற்றும். இங்கே பிளேடு நின்ற இடத்திலேயே நிற்கும், பலகைதான் அதைச் சுற்றி வரவேண்டும்.

எனக்கு இதையெல்லாம்விட அதிகம் உதவியது ஒரு மூத்த ஆசாரி சொன்ன வார்த்தை. எங்கள் வீட்டு ஜன்னலைச் சரிசெய்ய வந்தவர், நான் பலகையை அழுத்தித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மக்கா, தடியைப் போட்டுத் தள்ளாத கேட்டியா. அது அறுக்கட்டு, நீ பிடிச்சிட்டு மட்டும் நில்லு" என்றார். தடி என்றால் எங்கள் பக்கம் மரம். அவர் ஸ்க்ரோல் சாவை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். மரம் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மரத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாக்கியம். மர மில்களிலும் ஆசாரிமார் பட்டறைகளிலும் தேக்கு, அயனி, மகோகனி, பலா என்று துண்டுகள் விறகுக்குப் போகின்றன. கேட்டால் கொடுப்பார்கள், சில இடங்களில் ஒரு சாக்கு மூட்டைக்கு ஏதோ கொஞ்சம் காசு வாங்குவார்கள். கடையில் பிளைவுட் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை அறுக்க எளிது, ஆனால் நம் ஊருக்கு ஆகாது. இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. நான் முதலில் செய்த கிறிஸ்மஸ் குடில் எம்டிஎஃப்தான். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்காக மாடு, கழுதை, இடையர், மூன்று ராஜாக்கள் எல்லாம் அறுத்துக் கொடுத்தேன். முற்றத்தில் ஓலைக்கூரைக்கு அடியில் வைத்தார்கள். நாலு நாள் சாரலில் ஓரமெல்லாம் ஊதிப் பிளந்து, ஒட்டகத்தின் கால்கள் தனியாக விழுந்துவிட்டன. அடுத்த வருஷம் மகோகனித் துண்டில் செய்ததை அவர்கள் இன்றும் டிசம்பர் பிறந்ததும் எடுத்து வைக்கிறார்கள்.

என்னிடம் உள்ள மரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பலா, எங்கள் பக்கத்துப் பேச்சில் பிலாவு. வீட்டுக்குப் பின்னால் பாட்டா (தாத்தா) வைத்த மரம் ஒன்று நின்றது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் வேரோடு சாய்ந்தது. அன்று மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் தென்னையும் விழுந்து கிடந்தபோது எங்கள் ஒரு மரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அப்பா மட்டும் அதை விறகுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மில்லில் கொடுத்து ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து, காற்று போகும்படி சாய்ப்பில் அடுக்கினார். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது காயவைக்கும் கணக்கு. நாங்கள் இரண்டு வருஷம் விட்டோம். முதல் பலகையை அறுத்தபோது உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல நிறம். வெளிச்சம் பட்டால் அது மெல்ல மெல்லப் பழுத்துத் தவிட்டு நிறமாகும். நாலு வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு மயில் ஜன்னலோரம் இருக்கிறது, இப்போது பழைய வீட்டு நிலைப்படியின் நிறத்தில் நிற்கிறது. வீணைக்குப் பலா மரத்தை எடுப்பது ஏன் என்று, இதைக் கையில் வைத்துத் தட்டிப் பார்க்கும்போது புரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? எல்லோரும் முதலில் கேட்பது பெயர்ப்பலகை. ஆங்கில எழுத்துக்கு இணையத்தில் ஆயிரம் மாதிரிகள் கிடைக்கும். தமிழுக்கு நாமேதான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நம் எழுத்தில் புள்ளி தனியாக நிற்கிறது. 'அன்னை இல்லம்' என்று ஒரே மரத்தில் ஒட்டினாற்போல அறுக்க வேண்டுமென்றால் ன், ல், ம் மூன்றின் புள்ளிகளும் அந்தரத்தில் நிற்க முடியாது. பின்பலகை வைத்து ஒட்டலாம். இல்லாவிட்டால் புள்ளிக்கு ஒரு சின்னக் காம்பு வைத்து எழுத்தோடு சேர்க்கலாம், மொட்டு மாதிரி இருக்கும், அதுவும் அழகுதான். 'கொ', 'தே' போன்றவற்றின் கொம்பும் இப்படியே தனியாகப் போய்விடும். அடியில் ஒரு பட்டை ஓடவிட்டு எல்லா எழுத்தையும் அதில் ஊன்றச் செய்தால் தீர்ந்தது. அ, இ, ன எழுத்துகளில் உள்ளே அடைபட்ட சுழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். எப்போதும் உள்வெட்டுகளை முதலில் முடியுங்கள். வெளிக்கோட்டை முதலில் அறுத்துவிட்டால் பிடிக்கப் பலகை இருக்காது, மெல்லிய இடம் ஒடிந்துவிடும்.

மாதிரியை அச்செடுத்து நேரடியாக மரத்தில் ஒட்டாதீர்கள், உரிப்பதற்குள் உயிர் போய்விடும். முதலில் மரத்தின்மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சி தடவித் தாள், அதற்கும் மேல் பார்சல் ஒட்டும் பளபளப்பு டேப். இந்த மேல் டேப் பிளேடு சூடாகி மரம் கருகுவதைப் பெருமளவு தடுக்கும். தேக்கிலும் மகோகனியிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நான் இதுவரை செய்ததில் மனசுக்கு நிறைவானது நம் மாவட்ட வரைபடப் புதிர். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரத்தில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்கக் கொடுத்தார். இன்றைய ஜிக்சா புதிருக்கு ஆரம்பம் அதுதான். அதைப் படித்ததும், 1956 நவம்பர் 1 அன்று இன்றைய தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்து நம் மாவட்டமான நான்கு தாலுகாக்களை, நான்கு மரத்தில் செய்யத் தோன்றியது. அகஸ்தீஸ்வரம் தேக்கு, தோவாளை மகோகனி, கல்குளம் எங்கள் பிலாவு, விளவங்கோடு ரப்பர் மரம், அதன் வெளிறிய நிறத்துக்காகவும், அங்கே பார்க்கும் இடமெல்லாம் அது நிற்பதற்காகவும்.

நான்கையும் தனித்தனியாக அறுத்தால் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் மரவேலைக்காரர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732), ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து அறுத்து, ஒன்றின் துண்டை மற்றொன்றின் ஓட்டையில் பதிப்பார். நானும் 6 மி.மீ. பலகை நான்கை இருபக்க டேப்பால் ஒட்டி, 24 மி.மீ. கட்டாக்கி, 7-ஆம் எண் பிளேடில் அறுத்தேன். பிரித்ததும் நான்கு மரத்திலும் நான்கு முழு வரைபடம் வந்தது. துண்டுகளை மாற்றி அடுக்கினால் ஒவ்வொன்றிலும் நான்கு மரமும் இருக்கும்.

இதற்கு மேசை பிளேடுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். துளி சாய்ந்தாலும் அடிப்பலகைத் துண்டு மேல்பலகைத் துண்டைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிவிடும். மட்டம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கனமான ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் லேசாக ஒரு வெட்டுப் போட்டு, கட்டையைத் திருப்பி அந்த வெட்டைப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோங்கள். பிளேடு வெட்டுக்குள் சுலபமாக இறங்கினால் மேசை சரி, இடித்தால் சாய்ந்திருக்கிறது. முதலில் ஒட்டிய நான்கு பலகையையும் நான் இதைப் பார்க்காமல் அறுத்து வீணாக்கினேன். நல்ல தேக்கு, இன்றும் வருத்தம்தான்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் தடவுகிறார்கள். அது காய்ந்து இறுகாத எண்ணெய், தூசி பிடித்துச் சிக்குவாடை வரும். பிள்ளைகள் விளையாடும் சாமானுக்கு, மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, நுண்ணிய உப்புத்தாள் போட்டபின் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்தால் போதும்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வட்ட ரம்பத்தோடு ஒப்பிட்டால் இது சாதுவான மெஷின்தான், ஆனாலும் விரல் ஒருபோதும் பிளேடுக்கு நேர் எதிரே இருக்கக்கூடாது, கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் உட்காரக்கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. தோர்த்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மெஷினுக்கு இப்போது காசு போட யோசனையாக இருந்தால், கையால் அறுக்கும் ஃப்ரெட் சா ஒன்று வாங்கி, மேசை ஓரத்தில் 'வி' மாதிரி வெட்டிய பலகையை இறுக்கி அதன்மேல் வைத்து அறுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் மெஷின் வாங்கலாம்.

அப்புறம், ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வாருங்கள், திங்கட்கிழமை விடுமுறை. பூமுகம் என்கிற முன்மண்டபத்து மேற்கூரையின் பூக்களை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அது உளி வேலை, நம்மால் ஆகாது. நீங்கள் மரச்சட்ட ஜன்னல்களுக்கு முன்னால் நில்லுங்கள். வெளிச்சம் உள்ளே விழும்போது மரத்தைவிட இடைவெளிதான் வடிவமாகத் தெரியும். அதில் ஒரு சிறு கட்டத்தை நோட்டில் வரைந்து வந்துதான் என் முதல் விளக்குக்கூட்டைச் செய்தேன். எத்தனை துளை என்று எண்ணினேன், 64. நான்கு ராத்திரி பிடித்தது.

பிலாவுத் துண்டுகள் இன்னும் ஒரு சாக்கு மீதம் இருக்கிறது. தக்கலைப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காய்ந்த மரம்தான், எடுத்து வைக்கிறேன்.