பழைய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இன்றைய குழந்தைகளுக்கு ஒவ்வாதவையா?

ஒவ்வாதவை என்று அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியின் தொடக்ககால அத்தியாயங்கள் 2006-இல் டிவிடியாக வெளிவந்தபோது, அவை பெரியவர்களுக்கானவை என்றும், இன்றைய மழலையரின் தேவைக்குப் பொருந்தாமல் போகலாம் என்றும் ஓர் அறிவிப்பு சேர்க்கப்பட்டிருந்தது. 1969 நவம்பரில் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தில், தெருவுக்குப் புதிதாக வந்த சிறுமி ஒருத்தியை அங்கே வசிக்கும் ஒருவர் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தித் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல, அங்கே அவளுக்குப் பாலும் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. முன்பின் தெரியாதவருடன் போகாதே என்று நாள்தோறும் சொல்லிப் பிள்ளை வளர்ப்பவர்கள் அந்தக் காட்சியைக் கண்டு தயங்குவது நியாயந்தான்.

அந்தத் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஏனெனில் நிகழ்ச்சியை உருவாக்கியவர்களே அப்படித் தயங்கித் தங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதில் வரும் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைக்கு ஸ்னஃபி என்றொரு நண்பன் உண்டு. பெரியவர்கள் வரும் நேரத்தில் எல்லாம் அவன் அங்கிருந்து போயிருப்பான் என்பதால், பறவை சொல்வதை அவர்கள் பல ஆண்டுகளாக நம்பவே மாட்டார்கள். தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்ற எண்ணம் இதனால் குழந்தையின் மனத்தில் படிந்துவிடுமோ என்ற கவலை எழுந்ததால், 1985-இல் ஸ்னஃபியை எல்லோரும் நேரில் காணும்படி கதையை மாற்றினார்கள். நல்ல நகைச்சுவை ஒன்றைக் குழந்தையின் பாதுகாப்புக்காக விட்டுக்கொடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் இனத்தாரை இழிவாகக் காட்டும் பழைய கார்ட்டூன் காட்சிகளைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டாமல் இருப்பதிலும் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால், துயரம் இருக்கிறது என்பதற்காகவே ஒரு பழைய நிகழ்ச்சியை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-இல் காலமானார். வேறொருவரை அந்த வேடத்தில் நடிக்க வைக்கவோ, ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பூசி மெழுகவோ எளிதாக முடிந்திருக்கும். அவர்களோ ஹூப்பர் இறந்துவிட்டதாகவே 1983 நவம்பரில் குழந்தைகளிடம் சொன்னார்கள். பிக் பேர்ட், தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கு வரைந்ததை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே என்று கேட்கும்போது, இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்பதை அங்கிருப்பவர்கள் கலங்கிய குரலில், ஆனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, எங்கள் குடும்பத்தில் ஒரு மரணம் நிகழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், இந்தக் காட்சியை அவளுடன் உட்கார்ந்து பார்த்தேன். பதில் சொல்ல வார்த்தை வராமல் அதுவரை அவளுடைய கேள்விகளைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சில நிமிடங்கள் பேசுவதற்கான வழியைத் திறந்துவிட்டன. அவள் பயப்படவில்லை. படத்தை இனி யாரிடம் கொடுப்பது என்று மட்டும் கேட்டாள். பறவை அதைத் தன் கூட்டருகே மாட்டி வைப்பதைக் கண்டதும், காகிதமும் வண்ணப் பென்சில்களும் எடுத்துவந்து தன் தாத்தாவை வரையத் தொடங்கினாள்.

ஆகவே, உங்கள் குழந்தைக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும்போது, நிகழ்ச்சியின் வயதைப் பார்க்காமல், முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு குழந்தையுடன் உட்கார்ந்து பாருங்கள். தனியாக விட்டால் குழப்பமோ அச்சமோ தரக்கூடிய காட்சியும், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலும் நல்ல உரையாடலாகவே முடிகிறது. அந்தப் பென்சில் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.