பழைய காரின் சீட் தோலா, ரெக்சினா?

கேள்வி: 1996 மாடல் மெர்சிடஸ் இ220 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சாம்பல் நிற இன்டீரியர், வயதுக்கு ரொம்ப நன்றாகவே இருக்கிறது. விற்பவர் "கம்பெனியில் வந்த ஒரிஜினல் லெதர் சார்" என்று சொல்லி, அதற்காகவே அறுபதாயிரம் கூட்டிக் கேட்கிறார். கூட வந்த மெக்கானிக் சீட்டில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தார், அது உறிஞ்சாமல் அப்படியே நின்றதால் ரெக்சின்தான் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? (திருச்சி வாசகர்)

பதில்: மெக்கானிக் சொன்ன முடிவு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. கார் சீட்டுக்கு வரும் தோல், செருப்புக்கடையில் தொட்டுப் பார்க்கிற பூச்சில்லாத தோல் மாதிரி இருக்காது. அதன் மேல் நிறம் பூசி, நிறத்தின் மேல் தெளிவான ஒரு பிளாஸ்டிக் பூச்சும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். வியர்வையும் வெயிலும் தாங்க வேண்டுமே. அந்தப் பூச்சு இருக்கிறவரை நிஜத் தோலிலும் தண்ணீர் முத்து முத்தாகத்தான் நிற்கும். மோந்து பார்ப்பதையும் நம்பாதீர்கள், தோல் வாசனை அடிக்கிற ஸ்பிரே கடையில் கிடைக்கிறது. சில பேர் தீக்குச்சி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அடுத்தவர் வண்டி, தழும்பு போகாது, ரெக்சினாக இருந்தால் வருகிற புகையும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

"வயதுக்கு ரொம்ப நன்றாகவே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மெர்சிடஸ் இந்தியாவில் வண்டி கட்ட ஆரம்பித்தது 1995-ல், புனேயில், நீங்கள் சொல்லும் இந்த டபிள்யூ124 வகையை வைத்துத்தான். அந்தக் கம்பெனிக்கு எம்பி-டெக்ஸ் என்று சொந்தமாக ஒரு வினைல், நம்ம ஊர்ப் பேச்சில் ரெக்சின், உண்டு. தோல் மாதிரியே ரேகை போட்டு, கெட்டியாகச் செய்தது. ஜெர்மனியில் டாக்சியாக ஓடிய மெர்சிடஸ்களில்கூட இதைப் போட்டார்கள், அவ்வளவு உழைக்கும். நம்ம ஊர் வெயிலில் இத்தனை வருஷம் நின்ற வண்டியில், டிரைவர் ஏறி இறங்கும்போது இடுப்பு உரசுகிற அந்த ஓர மேடு விரிசல் இல்லாமல், நிறம் போகாமல் இருந்தால் முதலில் எம்பி-டெக்ஸ் என்றுதான் நினைக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த தோலும் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு ஆதாரம் காட்டுவது விற்பவர் பொறுப்பு.

சரி, ஆதாரம் எங்கே இருக்கிறது? சீட்டின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் குழப்பம்தான், முதுகைப் பார்க்க வேண்டும். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் தலை வைத்துக் கீழிருந்து மேலே பாருங்கள், உறை மடித்து ஃபிரேமில் மாட்டியிருக்கிற இடம் தெரியும். அந்த மடிப்பின் ஓரத்தை விரலால் லேசாகத் திருப்பினால் உள்பக்கம் தெரிந்துவிடும். அதைவிடச் சுலபம் பின் சீட். இந்த வண்டியில் உட்காரும் பகுதியின் முன் ஓரத்தில், கீழே, பக்கத்துக்கு ஒன்றாக விடுவிக்கும் பிடி இருக்கும், அதைத் தள்ளித் தூக்கினால் மெத்தை முழுசாகக் கையில் வந்துவிடும். விற்பவரையே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. கவிழ்த்துப் போட்டு ஓரத்தைப் பாருங்கள். உள்பக்கம் பனியன் துணி மாதிரி பின்னலோ நெசவோ தெரிந்தால் பெரும்பாலும் வினைல்தான். துணியே இல்லாமல், மெல்லிய பூனைமுடி போல நார் நாராக, விரலில் தேய்த்தால் சொரசொரவென்று இருந்தால் தோல். வெட்டிய விளிம்பையும் கவனியுங்கள்: தோல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமனில், மேலே நிறமும் உள்ளே நாருமாக ஒரே உடம்பாக இருக்கும். வினைலில் மேலே பிளாஸ்டிக், கீழே துணி என்று இரண்டு அடுக்கு தனித்தனியாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. ஒரே ஓரத்தைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. "லெதர் சீட்" என்று விற்ற எத்தனையோ வண்டிகளில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், உடம்பு படுகிற பகுதி மட்டும்தான் தோல். சீட்டின் பக்கவாட்டு, முதுகுப்புறம், கதவுப் பலகை எல்லாம் நிறம் பொருத்திய வினைல். பல வருஷத்துக்கு முன்னால் நானே இப்படிக் கதவை மட்டும் தடவிப் பார்த்து ரெக்சின் என்று ஒரு நல்ல வண்டியை விட்டுவிட்டு வந்தேன், அதன் சீட்டு முழுக்கத் தோல் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஆறவில்லை. அதனால் உட்காரும் பகுதியின் தையல் ஓரம் எங்கே உள்ளே போகிறதோ அங்கே பாருங்கள்.

கழற்ற விடமாட்டேன் என்கிறாரா? அப்போது கிழிந்த இடம் பேசும். தோல் பழசானால் முதலில் காய்ந்த ஏரி மண் மாதிரி நுண்ணிய விரிசல் விடும், விரிசலுக்குள் பழுப்பாக நார் தெரியும். வினைல் அப்படிச் சிதறாது, உள்ளே இருந்த மென்மையூட்டி வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறி விறைத்துப்போய், தையல் ஓட்டைகள் வழியாக ஒரே நேர்கோட்டில் பிளக்கும், பிளவில் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். அப்புறம் ரேகை. இரண்டு சீட்டிலும் அதே புள்ளி, அதே வளைவு திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. ஆனால் தோலிலும் மேலே அச்சு ரேகை போடுகிறார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து அடித்துப் பேசாதீர்கள். சீட்டில் இருக்கிற குட்டிக் குட்டி ஓட்டைகளை வைத்தும் சொல்ல முடியாது, இரண்டிலும் போடுவார்கள்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் டேட்டா கார்டு, அதாவது அந்த வண்டியில் கம்பெனி என்னென்ன போட்டது என்று சொல்லும் அட்டை, பத்திரமாக இருந்தால் இந்த வேலை எதுவுமே வேண்டாம். அக்கால மெர்சிடஸில் இன்டீரியருக்கு மூன்று இலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். 1-ல் தொடங்கினால் எம்பி-டெக்ஸ், 2-ல் தொடங்கினால் தோல், 0 என்றால் துணி. கார்டைக் கேட்டுப் பாருங்கள்.

எம்பி-டெக்ஸ் என்று தெரிந்தால் வண்டியை விட்டுவிடாதீர்கள், அறுபதாயிரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கிழியாத எம்பி-டெக்ஸ், விரிசல் விட்ட தோலைவிட எனக்கு எப்போதும் மேல். அந்தப் பணத்தை ஏசிக்கும் சஸ்பென்ஷனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வயது வண்டிக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி: என் பழைய வண்டிக்கு "நாப்பா லெதர்" சீட் கவர், ஐந்து சீட்டுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் என்கிறார்கள். நிஜமா?

பதில்: இல்லை. நாப்பா என்பது மென்மையான நல்ல தோலுக்குப் பெயர், ஆனால் சீட் கவர் கடையில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) பூசிய துணி. ஈரக்காற்றில் சில வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்து சட்டையில் ஒட்டும். கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சரக்கு மீட்டரில் வருகிறதா, சதுர அடியிலா? ரெக்சினும் பியூவும் ரோலில் வரும், மீட்டர் கணக்கு. தோல் மாட்டின் உருவத்தில்தான் வரும், சென்னை பெரியமேட்டில் போய்க் கேட்டாலும் சதுர அடிக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பெரிய மாட்டுத்தோல் சுமார் 50 சதுர அடி, ஒரு வண்டிக்கு ஒரு தோல் போதாது. இதில் ஒன்பதாயிரத்துக்குத் தையல் கூலியும் சேர்த்து எப்படி வரும்? தோல் என்று அடித்துச் சொன்னால் பில்லில் "நிஜத் தோல்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு சரக்கு போட்டால், அந்தப் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வாங்கி இரண்டு வருஷத்துக்குள்.

கேள்வி: நிஜத் தோல் சீட்தான், விரிசல் விட ஆரம்பித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டாம். மேல் பூச்சு எண்ணெயை உள்ளே விடாது, விரிசல் வழியாக மட்டும் இறங்கி அங்கே கறுப்பாகும், தூசி ஒட்டும், வேட்டியில் கறையாகும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தோலுக்கென்று விற்கிற கண்டிஷனர் கொஞ்சமாகப் போடுங்கள். விரிசல் நுண்ணியதாக இருக்கும்போதே தோலுக்கு நிறம் போடுகிற ஆளிடம் காட்டினால் அடைத்து நிறம் ஏற்றிவிடுவார், ஆழமாகப் பிளந்துவிட்டால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைப்பதுதான் வழி. வெயிலில் நிறுத்துவதானால் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். ரெக்சினாக இருந்தால் கண்டிஷனருக்குச் செலவழிக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும்.