வழக்கு தள்ளுபடி ஆனபின் அரசு வழக்கறிஞரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

வட கரோலினாவில் கல்லூரி அணிக்கு ஆடும் தம்பி மீதான பொய் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, அரசு வழக்கறிஞரிடம் நஷ்டஈடு வாங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டம்தான். வழக்கு நடத்தியதற்காக அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. போலீஸ் மாதிரி அவரே விசாரணையில் இறங்கியிருந்தால் கொஞ்சம் இடம் உண்டு.

டியூக் லாக்ராஸ் வழக்கைப் பாருங்கள். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் லாக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் ஆடும் பந்து விளையாட்டு) வீரர்கள் மூன்று பேர் மீது போடப்பட்ட பொய்யான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. டிஎன்ஏ முடிவுகளை மறைத்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் 2007-ல் வக்கீல் உரிமத்தை இழந்தார். சிறையில் இருந்தது ஒரே ஒரு நாள்! டர்ஹாம் நகரத்தின் மீது வீரர்கள் போட்ட வழக்கு 2014-ல் சமரசமானபோது மூன்று வீரர்களுக்கும் நகரத்திடமிருந்து ஒரு டாலர்கூட இல்லை. 50,000 டாலர் ஒரு மாநில ஆணையத்துக்குப் போனது. (பல்கலைக்கழகம் அவர்களோடு தனியாக சமரசம் செய்துகொண்டது, அது வேறு கதை.)

சரி, முதல் வேலையாகக் கைதுப் பதிவு நீங்கிவிட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள். தள்ளுபடியான வழக்கும் வேலைக்கான பின்னணிச் சோதனையில் எட்டிப் பார்க்கும்.