பங்குச்சந்தைக்கு என்ன படம் பார்க்கலாம்?

கேள்வி: மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறேன், பங்கு வாங்கி வைக்க இப்போதுதான் டீமேட் கணக்கு தொடங்கினேன். பங்குச்சந்தை பற்றி நல்ல படம் சொல்லுங்கள் சார். (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: முதலில் 'மார்ஜின் கால்' (2011) பாருங்கள். கையிலிருக்கும் கடன் பத்திரச் சரக்கு தேறாது என்று ஒரு முதலீட்டு வங்கிக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தெரிந்துவிடுகிறது, விடிந்ததும் வெளியே தெரிவதற்குள் போன் போட்டுப் போட்டு அத்தனையையும் அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். நாளைக்கு அழுகப்போகும் பழத்தை இன்றைக்கே லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அப்புறம் 'தி பிக் ஷார்ட்' (2015). மரக்கட்டைகளை அடுக்கி, அடிக்கட்டையை உருவி, வீட்டுக்கடன்களை மூட்டையாகக் கட்டி விற்ற பத்திரங்கள் எப்படிச் சரியும் என்று காட்டுவார்கள், அந்தக் காட்சியை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நம் நாட்டுக் கதை என்றால் மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா பற்றிய 'ஸ்கேம் 1992' தொடர்தான். 10 பாகம், ஆனாலும் விடாதீர்கள். பத்திரத்துக்குப் பதிலாக வங்கிகள் எழுதிக்கொடுக்கும் வெறும் வங்கி ரசீதைக் காட்டி வங்கிப் பணத்தைச் சந்தைக்குள் இறக்கிய விதம் அதில் தெளிவாக இருக்கிறது.