‘வை’யை அழுத்தினால் ‘ல’ விழுகிறதா?

திருகோணமலை, திருக்கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படகுக் கணக்கை உபுண்டு மடிக்கணினியில், கட்டளைச் சாளரத்தில் ஓடும் நேனோ என்ற உரைதிருத்திச் செயலியைத் திறந்து, பாமினி விசைப்பலகை முறையில் தட்டுகிறார். வெளியேற கொன்ட்ரோலுடன் எக்ஸை அழுத்தினால், மாற்றங்களைச் சேமிக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி கேட்கிறது. ஆம் என்பதற்கான ஆங்கில எழுத்து ‘வை’யை எத்தனை தடவை அழுத்தினாலும் அசைவில்லை. என்டருக்கும் அசையவில்லை. பொறுமையிழந்து சாளரத்தையே மூடிவிட்டார். “இரண்டு நாள் சூரை, பாரை மீன் கணக்கு போய்விட்டதா?” என்று கேட்கிறார்.

அநேகமாகப் போகவில்லை. சாளரம் திடீரென்று மூடப்பட்டால், சேமிக்காததை நேனோ தனிக் கோப்பாக எழுதிவைக்கும். கணக்கு இருந்த அதே கோப்புறையைப் பாருங்கள். பழைய பெயரோடு ஒரு புள்ளியும் ‘சேவ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டிய கோப்பு கிடக்கும். அதைத் திறந்து சரிபார்க்காமல் பழைய கோப்பில் புதிதாக எதையும் தட்டாதீர்கள்.

இனி, ‘வை’ ஏன் வேலை செய்யவில்லை? கொன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் விசைகளைத் தமிழ் உள்ளீட்டு முறை தொடாமல் விட்டுவிடும். அதனால் எக்ஸ் வேலை செய்தது. தனியாக அழுத்தும் விசையை அது விடாது. பாமினியில் ‘வை’ இருக்கும் இடத்தில் ‘ல’ இருக்கிறது. இல்லை என்பதற்கான ‘என்’ விசையிலோ வெறும் ஒற்றைக்கொம்பு. நீங்கள் ஆம் என்றீர்கள், நேனோவின் காதில் ‘ல’ விழுந்தது. அது ஆமும் அல்ல, இல்லையும் அல்ல என்பதால் பேசாமல் காத்திருந்தது. நோட்பேடில் என்டரைத் தட்டினால் சேமித்துவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தட்டுகிறோம். நேனோ என்டரை விடையாகவே எடுப்பதில்லை.

விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறினால் ‘வை’ வேலை செய்யும். ஆனால் அவசரத்தில் யாருக்கு அது நினைவிருக்கும்? என் வழி வேறு: அந்தக் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்வது. முதலில் கொன்ட்ரோலுடன் ஓ, பிறகு என்டர். கோப்பு சேமிக்கப்பட்டுவிடும். அதன்பின் கொன்ட்ரோலுடன் எக்ஸ் கொடுத்தால் எதுவும் கேட்காமல் மூடிக்கொள்ளும். எந்த மொழியில் இருந்தாலும் இந்த வரிசை பிசகாது. கேள்வி வந்துவிட்டாலும் பயமில்லை. கொன்ட்ரோலுடன் சி கொடுத்து உரைக்கே திரும்பலாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ‘ஓ’ கொடுத்ததும் கோப்பின் பெயர் கீழே தெரியும். அங்கே பழக்கதோஷத்தில் ‘வை’யைத் தட்டினால் ‘ல’ பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘கணக்கு’ என்ற கோப்பு ‘கணக்குல’ என்று பேச்சுத்தமிழுக்கு இறங்கிவிடும்! நல்லவேளை, வேறு பெயரில் சேமிக்கவா என்று நேனோ மறுபடி கேட்கும். அங்கேயும் கொன்ட்ரோலுடன் சி.

நேனோவைத் திறக்கும்போதே கட்டளையில் ஒரு சிறுகோடும் ‘டீ’ எழுத்தும் சேர்த்தால், கேட்காமலே சேமித்து மூடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 30 கிலோ சூரை கைதவறி 300 ஆனாலும் அது கேட்காமலேதான் சேமிக்கும். கணக்குக் கோப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.