எடை குறைத்த பிறகும் சாப்பிடுவதையெல்லாம் குறித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருக்க ஆயுள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கணுமா, அப்படி எழுதினால் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே ஒரு நோயாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில்: எழுதுவது நல்லது, ஆனால் எடை குறைக்கும்போது எழுதிய மாதிரி எழுதத் தேவையில்லை. இரண்டாவதற்கான பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதற்குக் கீழே வருகிறேன்.

குறைக்கிற காலத்தில் எழுதுவது சுலபம். வாரா வாரம் எண் இறங்குகிறது, பேன்ட் தளர்கிறது, பார்க்கிறவர்கள் "என்ன, மெலிஞ்சிட்டீங்க" என்கிறார்கள். அப்புறம் வருவது காப்பாற்றும் காலம். அதில் ஒன்றுமே நடக்காது. நடக்கக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை பாடும். பலர் நோட்டை மூடி வைப்பது இங்கேதான்.

எடை ஏறப் பெரிய தீனியெல்லாம் வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். எடை கூடுதலாக உள்ள ஒரு சராசரி ஆள் தினமும் சுமார் 24 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு அதையே தொடர்ந்தால் கடைசியில் ஒரு கிலோ ஏறி நிற்கும். அதில் பாதி முதல் வருடத்தில், ஏறக்குறைய முழுவதும் மூன்று வருடத்தில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதாவது உங்கள் பங்குக்குத் தினமும் ஒரு கரண்டி எண்ணெய் கூடினால் ஐந்து கிலோ. வயிறோ நாக்கோ இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. போதாததற்கு, மெலிந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. பழைய அளவு சாப்பாட்டுக்குத் திரும்பினாலே அது அதிகப்படிதான்.

சரி, நோட்டு மட்டும் 24 கலோரியைக் கண்டுபிடித்துவிடுமா? விடாது. உணவு லேபிளில் இருக்கும் எண்ணே தோராயம்தான். 28 கிராம் பாதாமுக்கு வழக்கமான கணக்கில் 170 கலோரி வரை வரும். 2012இல் மனிதர்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்தபோது உடம்புக்குக் கிடைத்தது 129தான். மெல்லுவதில் உடையாத செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு அப்படியே வெளியே போய்விடுகிறது. ஆனால் இது பெரிய கவலை இல்லை. எப்போதும் பத்து நிமிடம் வேகமாகக் காட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். தினமும் ஒரே மாதிரி பிழை இருந்தால் நோட்டு வேலை செய்யும்.

தொல்லை கொடுப்பது, நமக்குத் தெரியாமல் வளர்கிற பிழை. வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் செய்து பாருங்கள். பீநட் பட்டர் டப்பாவை மூடியைத் திறந்து தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாக எடுக்கிற ஒரு கரண்டியை எடுங்கள். எடுத்த அளவு கழித்தல் குறியோடு திரையில் வரும். கணக்குப்படி ஒரு மேசைக்கரண்டி 16 கிராம். கொஞ்ச நாள் அளக்காமல் விட்டு நான் இதைச் செய்யும்போதெல்லாம் 25க்கு மேல்தான் வருகிறது. கரண்டி அதேதான், மேலே இருக்கிற குவியல்தான் மாதா மாதம் உயர்கிறது. நோட்டில் மட்டும் எப்போதும் "1 கரண்டி".

"நான் கம்மியாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்க மாட்டேன் என்கிறது" என்பவர்களை வைத்து 1992இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்னது, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குவியல் எல்லோர் வீட்டுக் கரண்டியிலும் இருக்கிறது.

அதனால் என் முறை இது. சாதாரண நாட்களில் கலோரி எழுதுவதில்லை. என்ன சாப்பிட்டேன், தோராயமாக எவ்வளவு என்று ஒரு வரி, சாப்பிட்ட கையோடு. ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் இடையில் வாயில் போட்டதெல்லாம் காணாமல் போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வாரம் மட்டும் எல்லாவற்றையும் கிராமில் நிறுத்து, கண் அளவைச் சரிசெய்துகொள்கிறேன். காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம். உப்பும் தண்ணீரும் சேர்ந்து ஒரே ராத்திரியில் ஒரு கிலோவுக்கு மேல் ஆட்டிவிடும். சராசரி என் வழக்கமான எடையைவிட இரண்டு கிலோ தாண்டினால் உணவு நிறுக்கும் தராசு திரும்பச் சமையல் மேடைக்கு வரும், எண் இறங்கும் வரை.

அளவில்லாமல் சாப்பிட்ட நாளையும் விடாதீர்கள். கணக்குப் போட வேண்டாம், "நிறைய சாப்பிட்டேன், சாயங்காலத்திலிருந்து" என்று எழுதினால் போதும். காலியான பக்கத்திலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த ஒரு வரி இருந்தால், அன்று மதியம் சாப்பிடாமல் விட்டதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவரலாம்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். எடை பார்ப்பதால்தான் காத்தார்கள் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது, தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். இருந்தாலும் எதையாவது ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருப்பது அவர்களிடம் பொதுவாக இருக்கிறது. சாப்பாட்டை எழுதப் பிடிக்கவில்லை என்றால் எடையை மட்டுமாவது எழுதுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உணவுக் கோளாறு ஏற்கெனவே இருந்தவர்கள், சாப்பிட்டபின் வாந்தி எடுப்பவர்கள், பட்டினி கிடந்து ஈடுகட்டுபவர்கள் இதைத் தொடவே வேண்டாம், மருத்துவரிடம் போகட்டும். மற்றவர்களுக்கு நான் பார்க்கும் அடையாளம்: கலோரி தெரியாது என்பதற்காக அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டை மறுக்க ஆரம்பிப்பது, எழுதாத நாளில் பதற்றம் வருவது. இதில் ஒன்று வந்தாலும் ஒரு மாதம் நோட்டை உள்ளே வைத்துவிடுங்கள். பதற்றம் அப்போதும் குறையவில்லை என்றால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். எடை கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்.