நாம் செய்த கத்தியை நாமே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அண்ணே, ஐ.டி. வேலை எனக்கு. சனி, ஞாயிறில் மொட்டைமாடியில் சின்னதாக உலை போட்டுக் கத்தி செய்கிறேன். லாரி கமான் பட்டையில் (அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை) அடித்த ஒரு கத்தி திருப்தியாக வந்திருக்கிறது, அலகு நாலு அங்குலம், வேப்பமரப் பிடி. "நீ செஞ்சதை நீயே வச்சுக்கலைன்னா வேற எவன் நம்பி வாங்குவான்" என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் "போலீஸ் புடிச்சா என்னைக் கூப்பிடாதே" என்கிறாள். தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, நண்பர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, வீட்டில் சொல்வதிலும் இருக்கிறது. கத்திக்கு வேலை இருக்கிற இடத்துக்கு எடுத்துப் போங்கள். ஆபீசுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வேண்டாம்.

முதலில் நண்பர்கள் சொன்னது. பட்டறையில் செய்கிற சோதனைகள் எல்லாம் நமக்குச் சாதகமாகவே அமையும். பேப்பரை அறுத்துப் பார்ப்போம், கை முடியை வழித்துப் பார்ப்போம், வீடியோ எடுப்போம், முடிந்தது. அதே கத்தியை ஒரு மாதம் அடுப்படியில் போட்டுப் பாருங்கள். வெங்காயம் அறுபடாமல் பிளக்கிறதா? கூர் சரியாகத்தான் இருக்கும், கூருக்கு மேலே அலகு தடிமனாக நிற்கிறது என்று அர்த்தம், புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இரும்பை மிச்சம் வைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் தேங்காய் நார் உரித்தால் உள்ளங்கையில் எந்த இடம் சிவக்கிறது என்று பாருங்கள், பிடியில் அந்த இடத்தைத்தான் இன்னும் உருட்ட வேண்டும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கிப் பித்தளை ஆணி விரலில் இடறும். இதையெல்லாம் வாங்குகிறவர் வந்து சொல்வதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தோய்ச்சல், அதாவது சூடேற்றி எண்ணெயில் முக்கி இரும்பைக் கடினமாக்கியது, எப்படி வந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். கூர் மடங்கினால் இரும்பு மெத்தென்று இருக்கிறது, அல்லது கூரை ரொம்ப மெல்லிசாக்கிவிட்டீர்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் எண்ணெயில் தோய்த்த பிறகு திரும்ப இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தியது போதவில்லை. சூடேறுகிற இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடேற்றித்தான் தோய்க்க வேண்டும். அப்புறம் வீட்டு ஓவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. இதில் அவசரப்பட்டால் அரம் வழுக்குகிற அளவுக்குக் கடினமாகவும் இருக்கும், கை தவறி விழுந்தால் நுனியும் போய்விடும். கமான் பட்டையில் இன்னொன்றும் உண்டு. லாரிக்கு அடியில் வருஷக்கணக்காக ஆடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அது உங்கள் கையில் வேலை செய்யும்போது வெளியே வருவது நல்லது, விற்ற பிறகு வந்தால் வம்பு.

அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் என்று ஒருவர், 2010-ல் காலமானார், போன நூற்றாண்டின் பெரிய கத்திக்காரர்களில் ஒருவர். 1950-களில் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேர்பெற்ற ராண்டல் கத்தி ஒன்று வாங்க நியூயார்க்கில் ஒரு கடைக்குப் போனால், ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் கோபத்தில் பழைய கார் ஸ்பிரிங்கை எடுத்துத் தானே செய்துகொண்டார், தொழிலே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. முதல் கத்தி தனக்காக, தன் வேலைக்காக. உங்களைப் போலவே அவருக்கும் வண்டி ஸ்பிரிங்தான் என்பதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வீட்டில் சொன்னது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம், அதற்கான 2016 விதிகள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு அதிலுள்ள ஆயுதப் பட்டியலில் வருகிறது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை மட்டும் விலக்கு. உங்கள் நாலு அங்குலம் அந்த அளவை எட்டாது. ஆனால் ராத்திரி பதினோரு மணி வாகனச் சோதனையில் யாரும் ஸ்கேல் வைத்து அளந்து பேச மாட்டார்கள், "எதுக்குப்பா இது?" என்றுதான் கேட்பார்கள். மதியம் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் நின்றுகொண்டு "நானே செஞ்சது சார்" என்றால் விஷயம் இன்னும் மோசமாகும். 2021-ல் தமிழகப் போலீஸ் அரிவாள் பட்டறைக்காரர்களிடமே வாங்குகிறவர் பெயர், விலாசம், எதற்கு வாங்குகிறார் என்றெல்லாம் எழுதி வைக்கச் சொன்னது நினைவிருக்கும். ஊர் நிலைமை அப்படி.

பட்டியலில் குத்துவாளும் பெயர் சொல்லியே இருக்கிறது, அதனால் இருபக்கமும் கூர் வைத்துச் செய்து வெளியே கொண்டுபோகும் ஆசை வேண்டாம். பொத்தானை அமுக்கினால் திறக்கிற கத்தியையும் விடுங்கள், டெல்லியில் 7.62 செ.மீ. அலகுக்கே 1980-லிருந்து தனி அறிவிப்பு உண்டு. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் நன்றாகச் சுற்றி வையுங்கள்.

பாதுகாப்புக்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதை நினைத்து இடுப்பில் வைப்பதாக இருந்தால் அடியோடு வேண்டாம் என்பேன். சண்டையில் எடுத்த கத்தி யார் கையில் போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது, கேஸ் மட்டும் எடுத்தவர் மேல்தான் வரும்.

கேள்வி: ஐயா, காலேஜ் படிக்கும் என் மகன் யூடியூப் பார்த்துக் கத்தி செய்கிறேன் என்று அரத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. தடுக்கட்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. அரத்தைப் பிடித்து மணிக்கணக்கில் தேய்க்கிற பொறுமை உள்ள பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பயப்பட வேண்டியது கிரைண்டர் மெஷின் வாங்கும் அன்றைக்கு. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் அதன் முன்னால் நிற்க விடாதீர்கள், இரும்புத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல் கத்தியை உங்கள் அடுப்படிக்கே செய்து தரச் சொல்லுங்கள். நீங்கள் குறை சொல்லச் சொல்ல அவனுக்கு வேலை படியும், காலேஜ் பைக்குள் அது போகவும் போகாது.

கேள்வி: தம்பி இந்தியாவில் செய்த சின்னக் கத்தியை எனக்குப் பரிசாகத் தந்தான். இங்கே பாக்கெட்டில் வைக்கலாமா?
— வாசகர், லண்டன்

பதில்: மடக்குக் கத்தியா, பூட்டிக்கொள்ளாததா, அலகு மூன்று அங்குலத்துக்குள்ளா? மூன்றும் ஆம் என்றால் வைக்கலாம். ஒன்று இல்லையென்றாலும் பொது இடத்தில் எடுத்துப்போகத் தக்க காரணம் வேண்டும், தம்பி செய்து தந்தான் என்பது காரணத்தில் சேராது. வீட்டில் ஆப்பிள் நறுக்குங்கள்.

கேள்வி: மறுபடியும் ஈரோடுதான் அண்ணே. உறைக்கு எந்தத் தோல்?

பதில்: ஷூ, பைக்கு வருகிற, குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம், அதிலுள்ள உப்பு கார்பன் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கேளுங்கள். ஆவாரம் பட்டையில் பதனிடுவது திண்டுக்கல், திருச்சி, உங்கள் ஈரோடு பக்கமெல்லாம் பழைய தொழில், விசாரித்தால் துண்டுத் தோல் கிடைக்கும். ஆனால் எந்தத் தோலானாலும் கத்தியை உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வெளியில் வையுங்கள், உறை தனியாகக் கிடக்கட்டும்.